பலாத் தோப்பின் தாய்மரங்களைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்

கடலூர் மாவட்டத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கு,



பங்குனி பிறந்தால் பண்ருட்டிச் சாலையோரமெங்கும் பலா குவிந்துவிடும். எல்லாவற்றுக்கும் பண்ருட்டிப் பலா என்று ஒரே பெயர்தான். ஆனால் இந்தச் செம்மண்ணில் நிற்கும் முதிய மரங்களில் பல, கொட்டை போட்டு முளைத்தவை. கொட்டையில் வந்த கன்று தாயைப் போலவே காய்க்கும் என்ற உறுதி கிடையாது. ஒரு மரத்துச் சுளை தேனாக இனிக்கும். அடுத்த மரத்தில் சப்பென்றிருக்கும். ஒன்றில் சடை குறைவாக, சுளை நெருக்கமாக இருக்கும். இன்னொன்று பருவம் தப்பியும் காய்க்கும். எந்த மரம் எப்படி என்பது தோப்புக்காரருக்குத் தெரியும். ஆண்டுதோறும் குத்தகை எடுக்கும் வியாபாரிக்கும் தெரியும். அவர்கள் மனத்தில் இருக்கும் அந்தக் கணக்கை எழுத்தில் ஏற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இதன் பயன் உங்களுக்குப் புதிதல்ல. 1992இல் வெளிவந்த பாலூர் 1 ரகம், பணிக்கன்குப்பத்து நாட்டுப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்த ஒற்றை மரத்தின் வழி வந்தது. ஆண்டில் இரு பருவம் காய்க்கும் ரகம் அது. அந்த ஊரில் நின்றது அந்த ஒரு நல்ல மரம் மட்டும்தானா?

தாமதம் எவ்வளவு கொடியது என்பதை 2011 டிசம்பர் 30 காட்டியது. தானே புயல் கரையேறிய அந்த ஒரு நாளில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பிறகு புதுக்கன்று நடலாம், நட்டார்கள். ஆனால் ஒட்டுக்குச்சி எடுத்து வைக்காத மரம் விழுந்தால் அந்தச் சுவை அத்தோடு போயிற்று. புயல் வராத ஆண்டிலும் கோடரி வருகிறது. மிருதங்கத்துக்கும் வீணைக்கும் பலாக்கட்டைதான் உகந்தது. பணமுடை வந்தால் தோப்புக்காரர்கள் வயதான மரத்தைத்தான் முதலில் விலை பேசுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிற்கும் மரத்தால் வருமானம் வர வழி செய்யாமல், வெட்டாதே என்று மட்டும் சொல்வது நியாயமாகாது.

அந்த வழி கர்நாடகத்தில் இருக்கிறது. தும்கூர் மாவட்டத்து விவசாயி ஒருவரின் தோட்டத்தில் செஞ்சுளை காய்த்த ஒரு பலாவை, பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கண்டெடுத்தது. ‘சித்து’ என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் பெயரையே அதற்குச் சூட்டியது. ஒட்டுக்கன்று விற்ற பணத்தில் 75 விழுக்காடு மரத்துக்காரருக்கு என்று ஒப்பந்தமும் போட்டது.

இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள். பணிக்கன்குப்பம், மாளிகம்பட்டு, காடாம்புலியூர் தோப்புகளில் பழுத்த பழத்தை வெட்டி, சுளையைத் தின்று பார்த்து, மரத்துக்கு எண் கொடுங்கள். குத்தகை வியாபாரிகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பாதி வேலையை அவர்கள் வாய்மொழியே முடித்துவிடும். தேறிய மரங்களில் குச்சி எடுத்து உள்ளூர் நாற்றங்காலிலேயே ஒட்டுக் கட்டுங்கள். மரத்துக்காரர் பங்கை முதல் கன்று விற்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.