சொந்தத் தொண்டர்களைப் பலிகொண்ட அரசியல்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறந்தவர்களின் பதிவேட்டையும் வாக்காளர் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஃபுளோரிடா, ஒஹாயோ ஆகிய இரு மாநிலங்களில் கோவிட் பெருந்தொற்றுக்கு முன்னும் பின்னும் இறந்த 5,38,159 பேரின் விவரம் அது. 2023-இல் வெளியான அந்த ஆய்வு சொல்வது இது: 2021 மே மாதத்தில் வயதுவந்த எல்லோருக்கும் தடுப்பூசி கிடைக்கத் தொடங்கும்வரை, வழக்கத்தைவிடக் கூடுதலாக நிகழ்ந்த இறப்புகளில் இரு கட்சியினருக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அதற்குப் பிறகோ, குடியரசுக் கட்சியினரிடையே அந்த மிகை இறப்பு விகிதம் ஜனநாயகக் கட்சியினரைவிட 43 சதவீதம் அதிகம். தடுப்பூசி குறைவாகப் போடப்பட்ட கவுண்டிகளில்தான் இடைவெளி பெரிது.

இறந்த ஒவ்வொருவரும் ஊசி போட்டிருந்தாரா என்ற தகவல் அந்த ஆய்வில் இல்லை என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான். ஆனால், ஊசி வருமுன் இல்லாத இடைவெளி ஊசி வந்த பிறகு எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் தடுப்பூசி குடியரசுக் கட்சி ஆட்சியின் சாதனை. 2020 மே மாதம் டிரம்ப் நிர்வாகம் அறிவித்த 'வார்ப் ஸ்பீட்' திட்டம், அந்த டிசம்பரிலேயே ஊசியைக் கைக்குக் கொண்டுவந்தது. துணை அதிபர் மைக் பென்ஸ் கேமராக்களின் முன்னே சட்டைக் கையைச் சுருட்டிப் போட்டுக்கொண்டார். டிரம்ப்போ 2021 ஜனவரியில் வெள்ளை மாளிகையில் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டார். மார்ச் மாதம்தான் செய்தி வெளியே வந்தது. ஆகஸ்டில் அலபாமா மாநிலம் கல்மனில் நடந்த பேரணியில், 'நானும் போட்டுக்கொண்டேன், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்' என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது. உடனே, 'அது உங்கள் சுதந்திரம்' என்று சமாளித்தார். அதே வாரம் அலபாமாவில் ஐசியூ படுக்கைகளைவிட அங்கே சேர்க்கப்பட வேண்டிய நோயாளிகள் அதிகம். ஜனவரியிலேயே அவர் பத்துக் கேமராக்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

எல்லோரும் அப்படி இருக்கவில்லை. ஒஹாயோவின் குடியரசுக் கட்சி ஆளுநர் மைக் டிவைன், ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஐந்து பேருக்குத் தலா 10 லட்சம் டாலர் என்று லாட்டரியே நடத்தினார். தொடக்கத்தில் கூட்டம் சேர்ந்தது; பிறகு அடங்கிவிட்டது. யேல் ஆய்வில் இடைவெளி அதிகம் தெரிந்ததும் அதே ஒஹாயோவில்தான். கட்சி மேடைகளும் தொலைக்காட்சிகளும் நாள் முழுக்க ஊட்டிய ஐயத்தை ஓர் ஆளுநரின் பரிசுப் பணத்தால் அழிக்க முடியவில்லை.

ஜனநாயகக் கட்சிக்கு இந்தப் பழியில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டோம். மருத்துவர்கள் சொன்னால் முதல் ஆளாக நிற்பேன், டிரம்ப் சொன்னால் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று 2020 அக்டோபர் விவாதத்தில் கமலா ஹாரிஸ் பேசியது தேவையற்ற வினை. ஊசி போட்டால் கோவிட் வராது என்று 2021 ஜூலையில் பைடன் சொன்னது தவறு. டெல்டா வகைக் கிருமி அதை விரைவிலேயே காட்டிவிட்டது. பெரிய நிறுவன ஊழியர்களுக்கு அவர் விதித்த 'ஊசி அல்லது பரிசோதனை' கட்டாயத்தை 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தடுத்து நிறுத்தியது. நம் நாட்டில் அகிலேஷ் யாதவ் 'பாஜக தடுப்பூசி' வேண்டாம் என்று சொல்லி, சில மாதங்களில் மனம் மாறியதையும் நாம் மறக்கவில்லை.

ஆனாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அரசு கட்டாயப்படுத்தலாமா என்று சண்டை போடுவது அரசியல், போடட்டும். உயிர் காக்கும் ஊசியைப் பற்றிப் பொய்யைப் பரப்பி வாக்கு சேர்ப்பது அரசியல் ஆகாது. அதிலும், தாங்கள் மட்டும் ஊசி போட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு அஞ்சி வாய்மூடி இருந்த தலைவர்களின் குற்றம் பெரிது.

அந்த மௌனத்தின் விளைவு இப்போது கோவிட்டைத் தாண்டிவிட்டது. 2000-த்தில் அமெரிக்காவில் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட தட்டம்மை, 2025-இல் டெக்சாஸில் 762 பேரைத் தாக்கியது. ஊசி போடாத இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்த செப்டம்பரில், பள்ளி மாணவர்களுக்கான தடுப்பூசிக் கட்டாயம் அனைத்தையும் நீக்கப்போவதாக ஃபுளோரிடா அறிவித்தது. மத்திய அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழு மாற்றப்படாது என்று ராபர்ட் கென்னடி ஜூனியர் தந்த உறுதிமொழியை நம்பி, அவர் சுகாதார அமைச்சராவதற்கு ஆதரவாக வாக்களித்தார் குடியரசுக் கட்சி செனட்டர் பில் காசிடி. காசிடி கல்லீரல் மருத்துவர்; விஷயம் தெரியாதவர் அல்லர். 2025 பிப்ரவரியில் பதவியேற்ற கென்னடி, ஜூன் மாதமே அந்தக் குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒட்டுமொத்தமாக நீக்கினார்.

கொடுத்த வாக்கு என்ன ஆனது என்று கென்னடியைக் கேட்க வேண்டியவர்கள், அவருக்கு வாக்களித்த குடியரசுக் கட்சி செனட்டர்கள்தான். எதிர்க்கட்சி கேட்டால் அது கட்சிச் சண்டையாகவே பார்க்கப்படும். அவர்கள் கேட்டால்தான் அவர்களுடைய தொண்டர்கள் காதில் ஏறும்.