யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு ஒரு பகற் பயணம்

பாடசாலை விடுமுறை நெருங்கியதும் எம்மவர் இல்லங்களிற் பயணப் பேச்சு எழுவது வழமை. பேச்சு எழுந்த மாத்திரத்தே நுவரெலியா என்பார் ஒருவர், கண்டி என்பார் மற்றொருவர். அவ்விடங்களின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆயினும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் தம் வீட்டு வாயிலிலேயே தொடங்கும் ஓர் அழகிய வழியை மறந்துவிடுகின்றன. நாவற்குழியிற் பிரிந்து, பூநகரியூடாக மன்னாரை அடையும் ஏ 32 வீதியையே நாம் குறிப்பிடுகின்றோம்.

யாழ் நகரிலிருந்து மன்னார் நகருக்கு இவ்வழியே ஏறக்குறைய 115 கிலோமீற்றர். விரைந்து ஓட்டுபவர் இரண்டரை மணி நேரத்திற் சென்றுவிடுவார். அத்தகையோருக்கு எமது யோசனை எதுவும் தேவைப்படாது. காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு, மாலை ஆறு மணியளவில் மன்னார்த் தீவினுட் புகுவதே நாம் வகுக்கும் திட்டம்.

காலத்தைத் தெரிதலே முதல் வேலை. கார்த்திகை, மார்கழி மழையில் தாழ்ந்த இடங்களில் வெள்ளம் வீதியை மேவும். சித்திரைக்குப் பின்னரோ வெய்யிலும் புழுதியுமே மிஞ்சும். தைப்பொங்கல் கழிந்த இரு வாரங்களின் பின்னர், மாசி முடியும்வரை உள்ள நாட்களே ஏற்றவை. அப்பொழுது குளங்களில் நீர் இருக்கும். வயல்கள் கதிர் முற்றி நிற்கும். வடதிசை நாடுகளிலிருந்து வந்த பறவைகளும் திரும்பிச் சென்றிரா.

இனி, யாரை அழைத்துச் செல்வது? வண்டியில் இடம் போதாதவிடத்துப் பாட்டனையும் பாட்டியையும் வீட்டுக் காவலுக்கு விட்டுச் செல்லும் வழக்கம் ஒன்று எம்மிடையே பரவி வருகின்றது. இப்பயணத்துக்கு அது சிறிதும் பொருந்தாது. சங்குப்பிட்டிப் பாலத்தின் முன்னர் வண்டியை நிறுத்தும்போது, பேசவேண்டியவர் அவர்களே.

288 மீற்றர் நீளமான அப்பாலம் 2011 தை மாதத்திலே திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே கடல்நீரேரியை மிதவையிலேதான் கடந்தார்கள். அம்மிதவைக்குப் ‘பாதை’ என்றே பெயர். தண்ணீரில் மிதப்பதைப் பாதை என்பதேன் என்று பிள்ளைகள் கேட்பர். விடையைப் பாட்டனார் சொல்லட்டும். பாதைக்காகக் காத்துக்கிடந்த வண்டி வரிசையையும், அக்கரையிலிருந்து அது அசைந்து வந்த விதத்தையும் அவர் சொல்லட்டும். பின்னர் போர் வந்தது, வழி அடைபட்டது. ஏ 9 வீதி திறந்திருந்த காலங்களிற்கூட, மன்னாரில் உறவினர் உள்ள யாழ்ப்பாணத்தவர் வவுனியாவைச் சுற்றி இருமடங்கு தூரம் செல்ல நேர்ந்தது. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் போகாமற் போன உறவு நாளடைவிற் பெயரளவில் நின்றுவிடும். இன்று பாலத்தை ஓரிரு நிமிடங்களிற் கடந்துவிடும் பிள்ளைக்கு இது தெரிய நியாயமில்லை. அவ்வழியே போய் வந்த முதியோரின் தொகையோ ஆண்டுதோறும் குறைகின்றது.

ஐந்தரைக்குப் புறப்பட்டவர்கள் சூரியோதயத்துக்கு முன்னரே இவ்விடத்தை அடைவர். இடப்பக்கத்தே நீரேரியின் மேல் ஞாயிறு எழும். ஓரமாக வண்டியை நிறுத்தி, அரை மணி நேரமாவது இங்கே தங்குக. சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர் கொண்டுவந்த தாய்மார் இவ்விடத்தில் வாழ்த்தப்படுவர்.

பூநகரியில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த சிறு கோட்டையொன்றின் சிதைவு உண்டு. யாழ்ப்பாணக் கோட்டையை எண்ணிச் சென்றால் ஏமாற்றமே. கால்மணி நேரம் போதும். எரிபொருளையும் குடிநீரையும் யாழ்ப்பாணத்திலேயே நிறைத்துக்கொள்ளுதல் நன்று. அப்பாலுள்ள வழியிற் கடைகள் அருமையாகவே தென்படும்.

முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெயர்ப் பலகைகளை வாசித்துப் பொருள் சொல்லும் வேலையை மாணவரிடம் ஒப்படையுங்கள். பிட்டி மேட்டைக் குறிக்கும். கடவை கடக்கும் இடம். விடத்தல் ஒரு முள்மரம். நிலம் எத்தகையது என்பதைப் பெயர்களே உரைத்துவிடும். விடத்தல்தீவைச் சூழ்ந்த கண்டற்காடும் கடலும் 2016இல் இயற்கை ஒதுக்கமாக்கப்பட்டன. மீன்குஞ்சுகள் வளர்வது அக்கண்டல் வேர்களிடையேதான் என்பதையும் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கலாம்.

வீதியோரப் பற்றைக்குள் எவரும் இறங்கவேண்டாம். வடபகுதியிற் கண்ணிவெடி அகற்றும் பணி முற்றாக நிறைவுறவில்லை. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் வண்டியை நிறுத்துவதும் ஆகாது.

உணவைப் பற்றி ஒரு சிக்கல் எழும். மன்னார் என்றதும் மீனும் நண்டும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் வழியிலே திருக்கேதீச்சரம் இருக்கின்றது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலத்தை வணங்காது செல்லப் பெரியவர்கள் உடன்படார். ஆதலால் மத்தியானத்துக்கு வீட்டிலே கட்டிய சைவச் சோறு, மீன் இரவுக்கு. நண்பகற் பூசையின் பின் நடை சாத்துவது கோயில் வழமையாதலின், நிழலுள்ள ஓரிடத்திற் சோற்றை உண்டு, பாய் விரித்து முதியோரைச் சற்றுச் சாயவிட்டு, நான்கு மணிக்குப் பின்னர் கோயிலுக்குச் செல்லலாம். கோயிலருகேயுள்ள பாலாவித் தீர்த்தத்தையும், மாதோட்டம் பண்டைக்காலத்திற் பெருந்துறைமுகமாக விளங்கியதையும் சரித்திரம் படிக்கும் மாணவர் குறித்துக்கொள்வாராக.

ஐந்தரை மணியளவில் மன்னார்த் தாம்போதியை அடைதல் வேண்டும். நாள் முழுவதையும் நாம் இவ்வாறு இழுத்து வகுத்தது இந்த ஒரு மணி நேரத்துக்காகவே. அருகிலுள்ள வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் றாம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஆழமற்ற உப்புநீரிற் பூநாரைகள் கூட்டமாய் நின்று மேயும் நாட்கள் உண்டு. எந்நாளும் நிற்குமென நாம் உறுதி கூறோம். அவை இல்லாவிடினும் வாத்தும் உள்ளானும் காணலாம். ஒலிப்பானை அழுத்தாதிருக்கும்படி சாரதியிடம் முன்னரே சொல்லிவைக்க வேண்டும்.

அன்றிரவே திரும்ப எண்ணாதீர்கள். இருட்டியபின் வீதியிலே மாடுகள் படுத்திருக்கும். மன்னாரிலுள்ள உறவினருக்கு ஒரு கிழமை முன்னரே அறிவித்துவிட்டால் தங்குமிடச் செலவும் மிஞ்சும். மறுநாட் காலை, 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையைப் பார்த்துவிட்டுப் பள்ளிமுனைப் பெருக்கமரத்தடிக்குச் செல்லுங்கள். அம்மரத்தைச் சுற்றிக் கைகோத்து நிற்க ஒரு வீட்டார் போதார். உறவினர் பிள்ளைகளையும் கூட்டிச் செல்வது நல்லது.