தூக்கத்தில் உதைக்கிறாரா?

சகோதரி, விடியற்காலை மூன்று மணிக்கு உங்கள் வீட்டுக்காரர் "பிடி, பிடி!" என்று கத்திக் கொண்டே பக்கத்தில் படுத்திருக்கும் உங்களை ஓங்கி ஒரு குத்து விடுகிறாரா? எழுப்பிக் கேட்டால், "கனவிலே ஒருத்தன் துரத்தினான்" என்கிறாரா? பகலிலோ எறும்பைக்கூட மிதிக்காத மனிதர்!

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இதற்குக் காரணம் சொல்ல ஆளா இல்லை? "வருஷக் கணக்காக நைட் ஷிப்ட் பார்த்த உடம்பு" என்பார் ஒருவர். "காற்றுக் கருப்பு" என்பார் அடுத்த வீட்டுப் பாட்டி. அடிபட்ட மனைவியோ வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பேசாமல் கூடத்தில் போய்ப் படுத்துக் கொள்வாள்.

கனவில் நாம் ஓடும்போது கால்கள் ஏன் ஓடுவதில்லை, தெரியுமா? மூளையின் அடித்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்புக் கூட்டம், கனவு நேரத்தில் உடம்புக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறது. கண்ணும் மூச்சும் மட்டும் இயங்க, கை கால்கள் துவண்டு கிடக்கின்றன. பிரெஞ்சு விஞ்ஞானி மிஷெல் ஜூவே, பூனைகளுக்கு அந்த இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்து, 1965-ல் முடிவை வெளியிட்டார். தூங்கும் பூனைகள் எழுந்து, இல்லாத இரைமேல் பாய்ந்தனவாம்! மனிதரிடம் இதே கோளாறை 1986-ல் விவரித்தவர்கள், அமெரிக்காவில் மின்னசோட்டாவைச் சேர்ந்த ஷெங்க், மஹோவால்ட் முதலிய டாக்டர்கள்.

கை நடுங்கும் பார்க்கின்சன் வியாதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்த வியாதியில், மூளைச் செல்களுக்குள் ஒருவகைப் புரதம் திரண்டு கட்டிப் போகிறது. பலருக்கு அது முதலில் தாழ்ப்பாள் இருக்கும் அடித்தண்டைத் தாக்கி, பிறகே மேலே ஏறுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். மேலே, உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைனைச் சுரக்கும் செல்கள் பெருமளவு அழிந்த பிறகுதான் கை நடுக்கம் தெரியும். ஆகவே கனவுக் கூச்சல், நடுக்கத்துக்குப் பத்து வருஷம் முன்பேகூட வந்துவிடலாம்.

அதற்காகக் கலவரப்பட வேண்டாம். தூக்கத்தில் உளறுகிறவர்கள் எல்லோருக்கும் பார்க்கின்சன் வந்துவிடாது. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளாலும் இப்படி நேரலாம். குறட்டையோடு மூச்சு அடைபடும் கோளாறும் இதுபோல் தோன்றலாம். எது என்று டாக்டர் கண்டுபிடிக்க வேண்டுமானால் சாட்சி வேண்டும். தூங்குகிறவருக்குத் தாம் செய்தது தெரியாது; பார்த்தவர் நீங்கள்தான். நோட்டுப் புத்தகத்தில் தேதி, மணி, அவர் செய்தது எல்லாம் குறித்து வையுங்கள். கைப்பேசியில் படம் பிடித்தால் இன்னும் நல்லது.

காட்டுவதற்கு நெடுந்தூரம் போக வேண்டாம். 1974-ல் ஏற்பட்ட நிம்ஹான்ஸ் நிலையம் பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது! மூளை, கண், தசை மூன்றையும் இரவு முழுவதும் பதிவு செய்யும் பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும்.

பார்க்கின்சன் வியாதியைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் இரவுக் கூச்சலை அடக்க மருந்து உண்டு. டாக்டர் சொல்லாமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். அதுவரை மெத்தையைத் தரையில் விரியுங்கள். கண்ணாடிச் சாமான், கூர்முனை மேஜை எதுவும் அருகில் வேண்டாம். உங்கள் தோளில் பட்ட அடியையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதனால் அவருக்கு ஒரு குறைவும் இல்லை.