பால் கக்கலும் மூச்சுத் திணறலும்

இரவு வேலை முடிந்து த பேசின் வீட்டுக்கு வந்தால், இரண்டு மாத மகள் பால் கக்கியிருந்தாள். பயத்தில் தலைக்குத் தலையணை வைத்தோம். அது பிழை என்று பிறகு தாதி சொன்னா. கக்கும் பிள்ளையையும் தலையணையில்லாமல், சமமான மெத்தையில் மல்லாக்கத்தான் கிடத்த வேணும். பால் கொடுத்ததும் ஏவறை வரும்வரை நிமிர்த்தி வைத்திருங்கள். பிள்ளை நிறை கூடி, சிரித்து விளையாடினால் பயமில்லை. ஒரு வயதுக்குப் பிறகு பெரும்பாலும் கக்கல் நின்றுவிடும்.

ஆனால் மூச்செடுக்கையில் விலா உள்ளே இழுத்தால், உதடு நீலித்தால், மூச்சு இடையில் நின்றால், இங்கிலீஷ் தெரியாதென்று விடியும்வரை இருக்காதீர்கள். 000 அடித்து ‘அம்புலன்ஸ்’ என்றும், அவர்கள் வந்ததும் ‘தமிழ்’ என்றும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். சின்னச் சந்தேகங்களுக்கு 13 22 29. விக்டோரியாவில் தாய் சேய் நலத் தாதிமார் 24 மணி நேரமும் பதில் சொல்வார்கள்.