சட்டை உரிக்க முடியாமல் தவிக்கும் குட்டி மலைப்பாம்புகள்: கடத்தல் பையிலேயே தொடங்கும் ஆபத்து!

சென்னை,

விமான நிலையத்தில் பையைத் திறந்தால் தங்கம் இருக்கும் என்ற காலம் போய், இப்போது பாம்பு நெளிகிறது. 2023 ஜனவரியில் பாங்காக்கில் இருந்து சென்னை வந்த விமானத்தில், கேட்பாரற்றுக் கிடந்த பைகளைத் திறந்த சுங்கத்துறையினர் அதிர்ந்து போனார்கள். உள்ளே 45 'பால் பைதான்' மலைப்பாம்புகள்! அவை தாய்லாந்துக்கே திருப்பி அனுப்பப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூரு விமான நிலையத்தில் 55 பால் பைதான்கள் சிக்கின.

இதெல்லாம் பிடிபட்டவை. சிக்காமல் வீடுகளுக்குள் போனவற்றின் கதி என்ன?

முதல் சட்டை

பால் பைதானின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. முட்டையை விட்டு வெளியே வந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் குட்டி முதல் சட்டையை உரிக்கும். அதுவரை வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் சாப்பாடு. தோல் மங்கி, கண் பால் பூத்த மாதிரி வெளுக்கும். பிறகு கண் தெளிந்து, சில நாளில் சாக்ஸைக் கழற்றுவது போல முழுச் சட்டையும் ஒரே துண்டாக வர வேண்டும்.

துண்டு துண்டாகக் கிழிந்து வந்தால் கோளாறு என்று அர்த்தம். முக்கியக் காரணம், ஈரம் போதாததுதான். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனா ஏசி ரூமிலும், சூட்டு பல்பு எரியும் கண்ணாடிப் பெட்டியிலும் காற்று காய்ந்து போகும். தண்ணீரே இல்லாமல் பையில் அடைபட்டு வந்த குட்டியின் உடம்போ ஏற்கனவே வற்றிக் கிடக்கும். உண்ணித் தொல்லையும் ஒரு காரணம்.

வாலும் கண்ணும் போகும்

வால் நுனியில் ஒட்டிய பழைய தோல் மோதிரம் போல இறுக்கும். ரத்தம் ஓடாமல் நுனி கறுத்து அழுகிவிடும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் மெல்லிய தோலும் சட்டையோடு வரணும். அது வரலையேன்னு நகத்தால் பிய்த்தால் கண்ணே போய்விடும்.

பெட்டியில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஈரப்பாசி போட்ட சின்ன டப்பாவும், தண்ணீர்க் கிண்ணமும் வைத்தாலே பெரும்பாலும் தானாக உரிந்துவிடும். அந்த நாட்களில் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது. அப்படியும் உரியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

டாக்டரிடம் போக பயம்

சிக்கலே இங்கேதான். 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்கு சட்டமும், 2024-ல் வந்த விதிகளும் இப்படிப்பட்ட வெளிநாட்டுப் பாம்பை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. நம்ம ஊர் மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கவே கூடாது. கடத்தல் குட்டிக்கு ஏது பேப்பர்? மாட்டிக்கொள்வோம் என்று பயந்து வீட்டிலேயே பிய்த்துப் பார்ப்பார்கள். பலியாவது குட்டிதான்.

எனவே விலை மலிவு என்று கை நீட்டும் முன், "பேப்பர் எங்கே?" என்று கேளுங்கள். பேப்பர் இல்லாத பாம்புக்கு வைத்தியமும் இல்லை!