எல்லாத்துக்கும் ஒரே வண்டியா? சும்மா கதை விடாதீங்க!

நேற்று ஒரு வளைகாப்பு வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைத் தம்பி சொன்னார்: "சார், இப்ப வர்ற வண்டியெல்லாம் ஆல்ரவுண்டர் சார். டவுன், ஹைவே, மலை, காடு எல்லாத்துக்கும் ஒண்ணே போதும். மத்ததெல்லாம் ஓட்டுறவன் கையிலதான் இருக்கு." விசேஷ வீட்டில் வாக்குவாதம் வேண்டாம் என்று பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இரவெல்லாம் அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இன்று எழுதுகிறேன். நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம், வருத்தமில்லை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன். வீட்டில் மூன்று கறவை மாடு. அவன் அப்பா பல வருஷமாக ஒரு எக்ஸ்எல் வைத்திருந்தார். காலை ஐந்தரை மணிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். திரும்பும்போது கால் வைக்கிற இடத்தில் ஒரு தவிட்டு மூட்டை இருக்கும். மாசம் ஒரு முறை சர்க்கரை மாத்திரை வாங்க அவர் சம்சாரத்தை அதே வண்டியில்தான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்.

பையனுக்கு நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வேலை கிடைத்தது. "அப்பா, உனக்கு வண்டி காலையில அஞ்சரைக்கு. எனக்கு எட்டு மணிக்கு. எதுக்கு ரெண்டு வண்டி?" என்று கேட்டான். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, நானே சொல்லிக் கொடுத்த கணக்கு. எக்ஸ்எல்லை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு, தவணையில் ஒரு உயரமான பெரிய வண்டியை எடுத்தார்கள். "தோட்டத்துக்கும் போலாம், லடாக்குக்கும் போலாம்" என்று ஷோரூமில் சொன்னார்களாம். இவர்கள் குடும்பத்தில் லடாக்கில் யாருக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை.

நேரம் இடிக்கவில்லை. வண்டிதான் இடித்தது. கேன் தொங்கவிட்டால் ஒரு பக்கம் சைலன்ஸர் சுடுகிறது. கேனைக் கட்டிய பிறகு, அறுபதை நெருங்கும் மனிதர் காலைத் தூக்கிப் போட்டு உட்கார முடியவில்லை. ஒரு நாள் வாய்க்கால் மேட்டில் நிறுத்திக் காலை ஊன்றப் பார்த்திருக்கிறார். தரை எட்டவில்லை. வண்டி சாய்ந்து பால் மொத்தமும் மண்ணில் போனது. இருநூறு கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கிற வண்டி, தனி ஆளாகத் தூக்க முடியுமா? பக்கத்துக் காட்டுக்காரர் வந்து கை கொடுக்கும்வரை அங்கேயே நின்றிருக்கிறார். இப்போது சைக்கிளில் கேனைக் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறார். வாசலில் அந்தப் பெரிய வண்டி கவர் போட்டு நிற்கிறது. தவணை மட்டும் மாசா மாசம் போகிறது.

இதில் ஓட்டுகிறவர் கையில் என்ன குறை? எக்ஸ்எல்லில் மூன்று கேனோடு வரப்பில் போன கை அது.

தம்பி, வண்டி என்பது அளவுகளின் கூட்டு. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கை எடுத்துக்கொள். அது நிமிர்ந்து இருந்து, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே தூரமும் குறைவாக இருந்தால் வண்டி சட்டென்று திரும்பும். ரேஸ் வண்டிக்கு அதுதான் வேண்டும். அதையே குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டினால் ஹேண்டில் கையில் நிற்காமல் துடிக்கும். ஃபோர்க்கைச் சாய்த்து நீளத்தைக் கூட்டினால் நேர் ரோட்டில் ரயில் மாதிரி போகும், கொண்டை ஊசி வளைவில் திரும்ப அடம்பிடிக்கும். ஒரே ஃபோர்க் ஒரே சமயத்தில் நிமிர்ந்தும் சாய்ந்தும் இருக்க முடியாது.

சக்கரமும் அப்படித்தான். 2016-ல் வந்த ஹிமாலயன் வண்டிக்கு முன் சக்கரம் 21 அங்குலம். ஏன் அவ்வளவு பெரிசு? பெரிய சக்கரம் கல்லின் மேலும் பள்ளத்தின் மேலும் சுலபமாக ஏறி இறங்கும். அதனால் கற்கள் கிடக்கிற மலைப் பாதைக்கு அது. தார் ரோட்டில் சுறுசுறுப்பாகத் திரும்ப 17 அங்குலம் போதும், அதுதான் நல்லதும். மேடு பள்ளத்தைத் தாங்க ஷாக் அப்சார்பர் நிறைய மேலும் கீழும் போய்வர வேண்டும். அதற்கு வண்டியைத் தரையிலிருந்து தூக்கி வைக்கவேண்டும். சீட் 800 மில்லிமீட்டருக்கு வந்துவிடுகிறது. ஐந்தடி நாலு அங்குலம் இருக்கிற எனக்கு அதில் உட்கார்ந்தால் கட்டைவிரல்தான் தரையைத் தொடும். சிக்னலில் நான் பரதநாட்டியம்தான் ஆடவேண்டும். அந்த வண்டி மோசம் என்று நான் சொல்லவே இல்லை. அது செய்யப்பட்ட வேலை வேறு.

டயரைப் பாருங்கள். கட்டை கட்டையாக இருக்கிற டயர் சேற்றைக் கடித்துப் பிடிக்கும். அதே டயர் தார் ரோட்டில் அந்தக் கட்டைகளின் தலையில் மட்டும்தான் நிற்கிறது. மழையில் பிரேக் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உடனே ஒருவர் கமெண்டில் வருவார்: "வாத்தியார் எக்ஸ்எல் பக்தர்." இல்லைங்க. எக்ஸ்எல்லுக்கு முன்னால் வந்த டி.வி.எஸ். 50-ல் வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடம் போனவன் நான். 1980-ல் வந்த வண்டி அது. சமவெளியில் அதற்கு இணை கிடையாது. அதோடு ஒரு தடவை காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினேன். 70 கொண்டை ஊசி வளைவு. பின்னால் உட்கார்ந்திருந்த சக ஆசிரியர் பாதி வளைவுகளில் இறங்கி நடந்துதான் வந்தார். ஏறியதாவது பரவாயில்லை. இறங்கும்போதுதான் குலை நடுங்கியது. அந்த வண்டிக்குக் கியர் கிடையாது. ஆக்ஸிலேட்டரை விட்டு வேகம் குறைந்தால் கிளட்ச் தானாகவே விட்டுவிடும். இஞ்சின் இழுத்துப் பிடிக்கவே பிடிக்காது. முழுப் பாரமும் இரண்டு சின்ன டிரம் பிரேக் மேல்தான். அவை சூடேறிப் பிடிப்புக் குறைய, பத்து வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி ஆறவைத்து ஆறவைத்து இறங்கினேன். கியர் வண்டியாக இருந்தால் இரண்டாவது கியரில் போட்டு நிம்மதியாக இறங்கியிருக்கலாம்.

"அப்போ ஸ்ப்ளெண்டர் வாங்குங்க சார், அது எல்லாத்துக்கும் போகும்" என்பார் இன்னொருவர். 97.2 சி.சி., 110 கிலோ சொச்சம். நானும் வைத்திருந்தேன், பெட்ரோலுக்கு அதுபோல விசுவாசமான வண்டி இல்லை. போகும், யார் இல்லையென்றது? என் வேட்டியைக்கூடக் கிழித்துப் பையாக்கிக் கத்தரிக்காய் வாங்கி வரலாம், அதற்காக வேட்டி பையாகிவிடுமா? சேலம் நாமக்கல் நெடுஞ்சாலையில் அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு ஆம்னி பஸ் உரசிக்கொண்டு தாண்டினால், அந்தக் காற்றில் வண்டி ஒரு அடி தள்ளிப் போகிறது. தாண்டிப்போகத் தெம்பு இல்லை, ஒதுங்கி நிற்க இடமும் இல்லை. தினமும் நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போகிறவனுக்கு அதைவிடக் கனமான, தெம்பான வண்டிதான் பாதுகாப்பு. அவன் பெரிய வண்டி வாங்கினால் பந்தா என்று கிண்டல் செய்கிற பெரிசுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"ஓட்டுறவன் கையில இருக்கு" என்கிறவர்கள், உலகத்திலேயே நன்றாக ஓட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கட்டும். மண் வட்டத்தில் ஓடுகிற ஸ்பீட்வே பந்தய வண்டிக்கு பிரேக்கே கிடையாது, ஓடுவது ஒரே கியரில். பாறைமேல் ஏறுகிற டிரையல்ஸ் வண்டிக்கு உட்கார சீட் கிடையாது, எடையும் எழுபது கிலோ அளவுதான். கையில் வித்தை கூடக்கூட அவர்கள் ஒவ்வொரு வேலைக்கும் தனி வண்டிதான் கேட்கிறார்கள்.

இன்னொன்று, யாரும் பேசாதது. பின் சீட். மோட்டார் வாகன விதிகளிலேயே பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தில் துணி சிக்காமல் மறைப்பு எல்லாம் கட்டாயம். ஏன்? சேலை கட்டிய பெண்கள் உட்காருகிற நாடு இது. இன்றைக்குச் சில வண்டிகளில் பின் சீட் ஒரு சாய்ந்த பலகை, அவ்வளவுதான். பையன்கள் சேலை கார்டை முதல் வாரமே கழற்றி எறிகிறார்கள், "லுக்" கெடுகிறதாம். வண்டி வாங்கும்போது மைலேஜ் கேட்கிறோம், டாப் ஸ்பீட் கேட்கிறோம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? அந்தப் பால்காரர் சம்சாரம் இப்போது ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ்ஸில் போகிறார். அந்த வழியில் பஸ் ஒரு நாளைக்கு இரண்டே முறை. போன மாதம் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாத்திரை இல்லாமலே நான்கு நாள் இருந்திருக்கிறார்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் பையனுக்குப் போன் போட்டேன். "கண்ணு, அந்த வண்டியை நீ வெச்சுக்கோ, வேலைக்கு ஓட்டு. அப்பாவுக்குப் பழைய எக்ஸ்எல் ஒண்ணு பாரு"ன்னு சொன்னேன். "சார், ரெண்டு வண்டின்னா செலவுங்க சார்" என்றான். "கொட்டின பால், பஸ் காசு, அப்பா சைக்கிள் தள்ளுற நேரம், எல்லாத்தையும் எழுதிக் கூட்டிப் பார்"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இல்லீங்க சார், வண்டி நல்ல வண்டிதான், அவங்களுக்குத்தான் பழகலை" என்றான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த வண்டியில்தான் வரவேண்டும், பின்னால் அவன் அம்மாவை உட்கார வைத்து.