எல்லாத்தையும் திரும்பச் செய்யணுமா?



டாஸ்க் ரன்னர் என்றதும், "அதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம், டிப்ளமோ படிக்கிற நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்கிறார்கள். நமக்குத்தான் அது முதலில் தேவை என்பது என் கருத்து.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். வீட்டில் இருப்பது செகண்ட் ஹேண்ட் லேப்டாப். நான் கடலூரில், புராஜெக்ட் தோழன் சிதம்பரத்தில். வெப் பக்கம், சர்வர், இரண்டுக்கும் பொதுவான லைப்ரரி என்று மூன்றும் ஒரே ரெப்போவில் இருக்கின்றன. இதுதான் மோனோரெப்போ. லைப்ரரி பில்டு ஆகாமல் மற்ற இரண்டும் ஆகாது. வடம் கட்டாமல் தேர் நகருமா? என்.பி.எம். ஒர்க்ஸ்பேஸ் மட்டும் வைத்துக்கொண்டால், நாம் எழுதிய வரிசையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டும். ஒரு எழுத்தை மாற்றினாலும் அதே கதைதான்! பில்டு முடிவதற்குள் லேப் நேரம் முடிந்துவிடும்.

இது புதிய தொல்லை அல்ல. பிழையைத் திருத்திய பிறகும், மறுபடி கம்பைல் ஆகாத பழைய பைலோடு மல்லுக்கட்டி ஒரு காலைப்பொழுதை வீணாக்கினார் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒருவர். அதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் 'மேக்' என்ற கருவியை எழுதினார். மேக் பைலின் நேரத்தைப் பார்க்கும். 2021-இல் ஓப்பன் சோர்ஸ் ஆன டர்போரெப்போ பைலின் உள்ளடக்கத்தையே பார்க்கும். மாறியதையும் அதை நம்பி இருப்பதையும் மட்டும் ஓட்டும். மற்றதைச் சேமிப்பிலிருந்து எடுத்துத் தரும்.

அமைப்பதும் கஷ்டமில்லை. ரெப்போவின் மேல் ஃபோல்டரில் டர்போ.ஜேசன் என்று ஒரு பைல். அதில் டாஸ்க்ஸ் என்பதன் கீழே பில்டு. 'டிபென்ட்ஸ்ஆன்' என்ற இடத்தில் பில்டுக்கு முன்னால் கூரைக் குறி போட்டால், "நான் நம்பி இருப்பதை முதலில் முடி" என்று அர்த்தம். 'அவுட்புட்ஸ்' என்ற இடத்தில் விளைவு சேரும் ஃபோல்டரின் பெயர். இதை விட்டுவிட்டால் அடுத்த முறை செய்தி மட்டும் வரும், பைல் வராது! பில்டை மாற்றக்கூடிய என்விரான்மென்ட் மாறிகளையும் சொல்லிவிட வேண்டும். நாம் மறைத்தால் கருவி பழசையே புதுசு என்று நீட்டும்.

ஒரே பக்கம் எழுதுகிறவருக்கு இதெல்லாம் வேண்டாம். பகட்டுக்காகப் போடுவதில் பயனில்லை. ஆனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு முதல் நாளே எது எதை நம்பி இருக்கிறது என்று தாளில் வரையச் சொல்லி, ஒரு லேப் வகுப்பை இதற்கு ஒதுக்கலாமே! ஆசிரியர்களிடம் நம் பேரவை இதைக் கேட்க வேண்டும்.

பணம் உள்ளவன் வேகமான மிஷின் வாங்கிக்கொள்வான். நம்மிடம் இருப்பது நேரம் மட்டுமே. செய்த வேலையையே திரும்பச் செய்து அதையும் தொலைக்கலாமா? சிந்திப்போம் நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை